மெனோபாஸ் ஹார்மோன் பேட்ச்: சில வருட அனுபவமும் அந்தக் கறுப்புக் கட்டமும்

இங்கே நியூ ஜெர்சியில் எங்களுக்கு நெருக்கமான அக்கா ஒருவர், வயது 67, போன் பண்ணி, "ஹார்மோன் மருந்து டப்பாவில இருந்த எச்சரிக்கையை எடுக்கிறாங்களாமே, அல்சைமர்கூட வராதாம்ல, நீ வருஷக்கணக்கா பேட்ச் போடுறியே, நானும் ஆரம்பிக்கவா?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வி இன்னும் பலருக்கு இருக்கிறது என்பதால் முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் போடுவது வாரம் இரண்டு முறை மாற்றுகிற எஸ்ட்ரடையால் பேட்ச், அதாவது எஸ்ட்ரஜன் ஹார்மோனைத் தோல் வழியாக உள்ளே விடுகிற ஒட்டு. கர்ப்பப்பை இருப்பதால், அதன் பாதுகாப்புக்காக ராத்திரிக்கு ஒரு புரொஜெஸ்ட்ரோன் கேப்ஸ்யூலும் உண்டு. ஐம்பதைத் தாண்டிய புதிதில், மெனோபாஸில் (மாதவிடாய் நிற்கிற காலத்தில்), நடுராத்திரி உடம்பெல்லாம் தகிக்கும், நைட்டி நனைந்து எழுந்து உட்கார்ந்தால் அப்புறம் விடியும்வரை தூக்கம் கிடையாது, மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே சாதாரண வார்த்தைகூட வாய்க்கு வராது. பேட்ச் போட்ட சில வாரங்களில் தகிப்பு அடங்கிவிட்டது. நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது அந்தக் கேப்ஸ்யூல்: அதற்கே லேசாகத் தூக்கத்தை வரவழைக்கிற குணம் உண்டு, படுத்தால் காலையில்தான் விழிப்பு. தூக்கம் வந்ததும் வார்த்தைகளும் திரும்பி வந்தன. பேட்சின் ஓரம் வெயில் காலத்தில் பிரியும், எடுத்த இடத்தில் பசை நிற்கும், கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்தால் போய்விடும். இதையெல்லாம் நான் குறையாகவே எண்ணவில்லை.

குறை அந்தத் தாள்தான். மருந்து வாங்கும்போதெல்லாம் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில், கறுப்புக் கட்டம் கட்டி, 65 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்) வரும் வாய்ப்பு கூடுகிறது என்று போட்டிருக்கும். என் அம்மா கடைசி வருடங்களில் என்னை யாரென்றே தெரியாமல் பார்த்தவர். அந்த வரியைப் படித்த கையோடு பேட்சை ஒட்டுவது எப்படி இருக்கும் என்று, வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது கோபம்தான் வந்தது. 2003-ல் வெளியான விம்ஸ் (WHIMS) என்கிற அமெரிக்க ஆய்வு அது. சேர்க்கப்பட்ட 4,532 பேரும் 65 வயதைத் தாண்டியவர்கள். ஒரு பிரிவுக்கு, சினைக் குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எடுக்கிற எஸ்ட்ரஜனும் மெட்ராக்சிபுரொஜெஸ்ட்ரோன் என்கிற செயற்கை மருந்தும் சேர்ந்த மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சுமார் நான்கு வருடங்களில் மருந்து சாப்பிட்டவர்களில் 40 பேருக்கும் மற்றவர்களில் 21 பேருக்கும் டிமென்ஷியா வந்தது. "இரண்டு மடங்கு" என்றுதான் ஊரெல்லாம் பரவியது. 10,000 பெண்களில் வருடத்துக்கு 22 பேர் என்பது 45 பேர் ஆனது என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எஸ்ட்ரஜன் மட்டும் கொடுத்துப் பார்த்த தனிப் பிரிவில், 2004-ல் வந்த முடிவுப்படி, மருந்து சாப்பிட்டவர்களில் 28 பேர், வெற்று மாத்திரைக்காரர்களில் 19 பேர். அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவுதான். ஆனால் கட்டம் மட்டும் எல்லா எஸ்ட்ரஜன் மருந்துக்கும் ஏறிவிட்டது, ஐம்பது வயதில் தொடங்குகிற என் பேட்சுக்கும், பெண்ணுறுப்பு வறட்சிக்குப் போடுகிற, ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிற க்ரீமுக்கும்கூட. மூத்திரத் தொற்று திரும்பத் திரும்ப வந்து அவதிப்பட்ட ஒருவர் இந்தத் தாளைப் படித்துவிட்டு, அதைத் தடுக்கக் கொடுத்த அந்த க்ரீமைத் திறக்காமலே வைத்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் 2025 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த டிமென்ஷியா எச்சரிக்கையைக் கட்டத்திலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்தபோது மனசார சந்தோஷப்பட்டேன். ஆனால் அதோடு நிறுத்தியிருக்கலாம். அல்சைமர் 35 சதவீதம் குறையலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள், அக்கா காதில் விழுந்தது அதுதான். இந்த மாதிரி எண்கள், தானாக மருந்து எடுத்துக்கொண்டவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டு வருபவை. அதே வகையில் 2023-ல் டென்மார்க்கில் பார்த்தபோது, ஹார்மோன் எடுத்தவர்களிடம் டிமென்ஷியா 24 சதவீதம் கூடுதலாக இருந்தது! சரி, அதையும் அப்படியே நம்ப முடியாது, தூக்கம் கெட்டு, மறதி தொடங்கி, அதற்காகவே மருந்து கேட்டு வந்தவர்கள் அதில் இருக்கலாம். குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் என் நிலைமைக்கு நெருக்கமானது கீப்ஸ் (KEEPS) என்கிற ஆய்வு: மாதவிடாய் நின்று மூன்று வருடங்களுக்குள் இருந்தவர்கள், மாத்திரை ஒரு பிரிவு, பேட்ச் ஒரு பிரிவு, என்னுடையது மாதிரியே புரொஜெஸ்ட்ரோன். நான்கு வருடம் எடுத்து நிறுத்தியவர்களைப் பத்து வருடங்கள் போல கழித்து மறுபடி சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள். மூளைக்குக் கெடுதலும் இல்லை, லாபமும் இல்லை.

அக்கா, உங்களுக்கு என் பதில்: ஆரம்பிக்க வேண்டாம். எனக்குப் பொருந்தாத அந்த எச்சரிக்கை உங்கள் வயதுக்காரர்களை வைத்துத்தான் வந்தது. கட்டத்தை எடுக்கிறவர்களே 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து வருடங்களுக்குள் தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறார்கள். உங்களுக்குத் தகிப்பும் இல்லை, ஞாபகத்துக்காக என்று கேட்கிறீர்கள், அதற்கு இது மருந்தே இல்லை. க்ரீம் தேவைப்பட்டால் அது வேறு விஷயம், தயங்காமல் டாக்டரிடம் கேளுங்கள். ஞாபகத்துக்கு என்றால் பிபியைப் பாருங்கள், நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிற காது டெஸ்ட்டைப் பண்ணுங்கள். காது கேளாமை டிமென்ஷியாவுக்கு வழிவிடுகிற, ஆனால் நம்மால் சரிசெய்யக்கூடிய காரணங்களில் ஒன்று.

தகிப்புக்கும் தூக்கத்துக்கும் இதைவிட நல்ல மருந்தை நான் பயன்படுத்தியதில்லை, ஐம்பதுகளின் தொடக்கத்தில் தவிக்கிற யார் கேட்டாலும் டாக்டரைப் பார்த்து ஆரம்பியுங்கள் என்றுதான் சொல்வேன். இத்தனையும் படித்த பிறகும், அடுத்த விசிட்டில் டோஸைக் குறைத்து மெல்ல நிறுத்த முடியுமா என்று கேட்கப்போகிறேன். எந்த ஆய்வும் அப்படிச் செய் என்று என்னிடம் சொல்லவில்லை. அறுபது நெருங்குகிறது, அம்மாவுக்கு நடந்தது என் மனசை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான் காரணம்.