பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்கை "ஒட்டித் தருகிறேன்" என்பவர்களிடம் கவனமாக இருங்கள்

பைக்கின் பிளாஸ்டிக் டேங்க் கசிகிறது, "ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன், ஆயுசுக்கும் அசையாது" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், டேங்கைக் கழற்றிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படிச் சொன்ன ஒரு மெக்கானிக் என்னிடம் வெல்டிங் கூலியை முழுதாக வாங்கிக்கொண்டு செய்து அனுப்பிய வேலை, டேங்கை நிரப்பி ஓட்டியதுமே சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைச் சொட்ட விட்டது. தீப்பிடிக்கவில்லை. அது மெக்கானிக்கின் புண்ணியத்தால் அல்ல.

கசிவு இருந்த இடம் பெட்ரோல் டேப், அதாவது எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய், உட்காரும் பகுதி. பிளாஸ்டிக்குக்குள் புதைத்த பித்தளை நட்டைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு விரிசல். டேப் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் அங்கேதான் முதலில் விடும். டேப்பின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் நைந்துபோனாலும் அதே இடத்தில்தான் ஈரம் தெரியும், அதனால் முதலில் அதைப் பாருங்கள் என்று கேட்டேன். பார்த்துவிட்டு, டேங்க்தான், வெல்டிங் செய்ய வேண்டும் என்றார். சரி என்று விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்த டேங்கில் அந்த இடம் கருப்புப் பெயிண்ட் அடித்து அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மறுபடி சொட்டியபோது அதன் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினேன். ஒட்டு முழுசாக, ஒரே வில்லையாகக் கையோடு வந்துவிட்டது. வெல்டிங்கே இல்லை, எபாக்சி மக்கு, அதாவது குழைத்துப் பூசினால் இறுகிவிடும் பசை. வில்லையைத் திருப்பிப் பார்த்தால், டேங்கில் உப்புத்தாள் தேய்த்த கோடுகள் அத்தனையும் அதில் அச்சு எடுத்தது போலப் பதிந்திருந்தன. டேங்கின் பிளாஸ்டிக் ஒரு துளிகூட அதில் ஒட்டவில்லை.

ஒட்டாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாத விஷயமில்லை. பிளாஸ்டிக் டேங்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன். சாதாரண எபாக்சி அதன் மேல் உட்காருமே தவிரப் பிடிக்காது. போதாததற்கு, பாலிஎத்திலீன் பெட்ரோலைக் கொஞ்சம் உறிஞ்சி உப்பும், அதிர்வில் வளையும். மக்கு வளையாது. அதனால் அதிகம் போனால் சில நாள் தாங்கும், கூலி கைமாறிவிடும், அப்புறம் பிரியும்.

இன்னொரு வேலையும் என்னைக் கேட்காமலே நடந்திருந்தது. பைக் ஓடிக்கொண்டிருக்கும்போதே திணறி நின்றது. டார்ச் அடித்து டேங்குக்குள் பார்த்தால், உள்சுவரில் பால் ஆடை மாதிரி ஒரு தோல் உரிந்து தொங்குகிறது. இரும்பு டேங்கின் துருவுக்கு ஊற்றுகிற உட்பூச்சை இதில் ஊற்றியிருக்கிறார். உரிந்த துண்டுகள் டேப்பின் வலையை அடைத்துவிட்டன. கேட்டதற்கு, "இப்ப வர்ற பெட்ரோலே சரியில்லைங்க" என்று பதில். பணமும் திரும்பவில்லை.

பிறகு பிளாஸ்டிக் வெல்டிங் மட்டுமே செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் டேங்கைக் கவிழ்த்து, அடியில் பதித்திருந்த குறியைத் தேடினார். பிஇ-எச்டி என்று இருந்தால் பாலிஎத்திலீன், பிஏ6 என்று இருந்தால் நைலான். குறி இல்லையென்றால் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுவாராம்: பாலிஎத்திலீன் மிதக்கும், நைலான் மூழ்கும். தனியாக வாங்கிப் போடும் பெரிய டேங்குகளில் பல, குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீன். அதுவும் மிதக்கும், ஆனால் சூடாக்கினால் இளகுமே ஒழிய உருகி ஓடாது, வெல்டிங்கை நம்ப முடியாது. அப்படிப்பட்ட டேங்க் விரிசல் விட்டால் புதிதாக மாற்றிவிடுங்கள் என்றார். வேலை போனாலும் பரவாயில்லை என்று இதைச் சொன்னவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

என்னுடையது வெல்டிங் ஆகக்கூடிய வகை. ஆனால் கொடுத்த அன்றே சூடு காட்ட மறுத்துவிட்டார். காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட மோசம் என்பது இதனால்தான். சோப்புத் தண்ணீரில் கழுவினாலும், பிளாஸ்டிக் குடித்திருக்கும் பெட்ரோல் மெல்ல மெல்ல வெளியே வந்து மறுபடி ஆவியாகும். பல நாள் மூடியைத் திறந்து காற்றோட்டத்தில் வைத்து, மக்கின் மிச்சத்தைச் சுரண்டி, விரிசலை ‘வி’ வடிவில் குடைந்து, அதே வகை பிளாஸ்டிக் கம்பியை உருக்கி நிரப்பினார். கழற்றிய கையோடு, பெட்ரோல் வாடை போகாத டேங்கில் யாராவது சூட்டுக்கோலை வைக்கப் போனால் அங்கேயே தடுத்து டேங்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வெல்டிங் முடிந்ததும் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். உருக்கிய வரி கண்ணுக்குத் தெரிய வேண்டும். பைக்கில் மாட்டுவதற்கு முன் டேங்கில் பெட்ரோல் ஊற்றி, நெருப்பு அண்டாத வெளியிடத்தில் ஒரு இரவு வையுங்கள். அந்த வரி மேல் முகப்பவுடரைத் தூவிவிட்டால், ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் பவுடர் நனைந்து கோடாகக் காட்டிவிடும். காலையில் பவுடர் உலர்ந்திருந்தால் மிச்சக் கூலியைக் கொடுங்கள்.