பாரத ஸ்டேட் வங்கியின் நீல வட்டம்

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் 1971-இல் உருவாக்கிய பாரத ஸ்டேட் வங்கியின் சின்னத்தில், ஒரு நீல வட்டமும், அதன் நடுவே சிறு வட்டமாகத் தொடங்கிக் கீழ்விளிம்பு வரை கோடாக இறங்கும் வெள்ளை இடைவெளியும் தவிர வேறெதுவும் இல்லை. ஓடும் பேருந்திலிருந்து பார்த்தாலும் ஏடிஎம் பலகை சட்டென்று அடையாளம் தெரிவதற்கும், பாஸ்புக்கின் மூலையில் நகக்கண் அளவில் அச்சிட்டாலும் உரு சிதையாமல் நிற்பதற்கும் இந்தச் சிக்கனமே காரணம். ஒற்றை நிறமாதலால் ரப்பர் முத்திரையிலும் பழுதில்லை.

குறை பொருளில்தான் இருக்கிறது. சாவித்துவாரம் என்று சிலரும், அகமதாபாத்திலுள்ள காங்கரியா ஏரியின் வான்காட்சி என்று சிலரும் (இது பிற்பாடு கட்டிய கதையாகவே எனக்குப் படுகிறது) விளக்கம் சொல்கிறார்கள். பக்கத்தில் எழுத்து இல்லாவிட்டால், புதிதாகப் பார்ப்பவர் இதைப் பூட்டுக் கம்பெனியின் முத்திரை என்றே எண்ணக்கூடும்.