டி-34 டிராக்: தனித்தனிக் கண்ணிகளை ஒட்டிய அனுபவம்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, 1/35 அளவில் டி-34 வாங்கப்போறேன். டிராக் தனித்தனிக் கண்ணியா வர்ற கிட் எடுக்கவா, ரப்பர் பெல்ட் மாதிரி வர்றதே போதுமா?" டி-34 என்பது இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் டாங்கி; இங்கே பேசுவது அதை 35-இல் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டுகளாக வந்து நாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடலை. டிராக் என்பது அதன் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை. என்னிடம் இருப்பது முதல் வகை. போன கோடையில் ஒட்டியது. சமீபத்தில் அதில் ஒரு பழுதும் பார்த்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கிட்டின் உடல், டரட் (மேலே சுழலும் பீரங்கிக் கூடு), பீரங்கிக் குழல் எல்லாம் நன்றாகவே பொருந்தின. பேச வேண்டியது டிராக் பற்றி மட்டும்தான்.

நிஜ டி-34-இல் பக்கத்துக்கு 72 கண்ணிகள். பாதி கொம்பு வைத்தவை, பாதி தட்டை. மாறி மாறி வரும். பின்னால் இருக்கும் இயக்கு சக்கரத்தில் பல் கிடையாது. அதற்குள் இருக்கும் உருளைகள் அந்தக் கொம்பைத் தள்ளித்தான் டிராக் ஓடும். கண்ணி 500 மி.மீ. அகலம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 172 மி.மீ. இதை 35-ஆல் வகுத்தால் அகலம் 14 மி.மீ.க்குச் சற்று மேல், நீளம் 5 மி.மீ. கூட வராது. அப்படி 144 துண்டுகள்.

ஒட்டுவதுதான் கஷ்டம் என்பார்கள். இல்லை. உயிரை வாங்குவது சுத்தம் செய்யும் வேலை. இந்தக் கிட்டில் ஒவ்வொரு கண்ணியும் நாலு இடத்தில், துண்டுகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியிருக்கிறது. நிப்பரால் வெட்டி, மிஞ்சும் முளையைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போட வேண்டும். மொத்தம் 576 முளைகள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அச்சிலிருந்து துண்டை வெளியே தள்ளும் ஊசி பதித்த வட்டத் தழும்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கண்ணியின் உள்முகத்தில், சக்கரம் உருளும் இடத்திலேயே இரண்டிரண்டு. பள்ளம் நிரப்பும் புட்டிப் பசை வைத்துத் தேய்த்தால் பக்கத்து நுண்வேலை மழுங்குகிறது. அப்படியே விட்டால் பெயின்ட் அடித்ததும் பளிச்சென்று தெரிகிறது. கண்ணிக்கு வெளியே சின்னக் காது விட்டு, ஊசியை அதன்மேல் வைத்து அச்சு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். காதை வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது. இவர்களுக்கு அந்த அக்கறை இல்லை. விலையில் மட்டும் குறை வைக்கவில்லை.

காரைக்குடியில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். எனக்கு வெளிச்சம் கிடைப்பது வளவை ஒட்டிய தாழ்வாரத்தில். தரை ஆத்தங்குடிக் கல், முழுக்கப் பூ வேலை. கண்ணி ஒன்று கீழே விழுந்தால் தேடிக் கிடைக்காது. பழைய வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் உட்காருங்கள். அப்புறம் பசை. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் மெல்லிய பசை சித்திரை வெயிலில் தூரிகையிலேயே ஆவியாகிவிடும். மாஸ்கிங் டேப்பில் கண்ணிகளை ஸ்கேல் வைத்து வரிசையாக்கி, பசை தொட்டு, அரைகுறையாக இறுகும் பதத்தில் சக்கரத்தில் சுற்ற வேண்டும். அந்தப் பதம் பகலில் நிமிடங்களில் கைவிட்டுப் போகும். விடியற்காலையில் ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்வதே சரி.

இத்தனைக்கும் பலன் உண்டா? உண்டு, நிறையவே உண்டு. டி-34-க்கு டிராக்கின் மேல்பகுதியைத் தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. டிராக் தன் எடையோடு ஐந்து பெரிய சக்கரங்களின் தலையில் படுத்திருக்கும். இரண்டு சக்கரத்துக்கு நடுவே, ஈர வேட்டி போட்ட கொடி போல லேசாகத் தொய்யும். பசை இறுகும் முன் அந்த இடைவெளிகளில் ஸ்பான்ஜ் துண்டு வைத்து அழுத்தினால் அதே தொய்வு வந்துவிடும். பல டன் இரும்பு என்று கண் நம்புகிறது. பெல்ட் டிராக் மேலே விறைத்து நிற்கும்; வண்டியே பொம்மையாகிவிடும்.

பழுது விஷயத்திலும் இதுதான் மேல். விருந்துக்கு வந்த வீட்டுப் பிள்ளை டிராக்கைப் பிடித்துத் தூக்கியதில் கீழே ஒரு மூட்டு விட்டுப்போனது. உதிரியாக இருந்த கண்ணிகளில் இரண்டை வைத்து ஒட்டினேன், இடம் தெரியவில்லை. பெல்ட் கிழிந்தால் கிழிந்ததுதான். சில வினைல் பெல்ட்டுகள் வருடக்கணக்கில் தொட்டுக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் சக்கரத்தையே அரித்துவிடுகின்றன.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தம்பி, நீங்கள் இந்தக் கிட்டை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். நேர்ப்பகுதி ஒரே துண்டாகவும் வளைவுக்கு மட்டும் தனிக் கண்ணியாகவும் வருகிற டி-34 எடுங்கள். தொய்வை அச்சிலேயே வார்த்திருப்பார்கள். பெல்ட்தான் வேண்டுமென்றால் அமெரிக்க டாங்கியான ஷெர்மன் எடுங்கள். அதன் டிராக் மூட்டுகளில் ரப்பர் புஷ் வைத்து இறுக்கமாக, மேலே உருளைகள் தாங்க ஓடுவது. பெல்ட் அதற்கு உறுத்தாது. என் டி-34 கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில்தான் இருக்கிறது, இருக்கும். அந்தத் தழும்புகளை ஒழித்துப் புது அச்சு போடும்வரை அந்தக் கம்பெனிக்கு என்னிடமிருந்து இன்னொரு ரூபாய் போகாது.