மறுமலர்ச்சிக் கால கவுன்: முதுகில் ஜிப் வைப்பதா, நாடா கோப்பதா?

16ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பாணி கவுனைத் தைப்பவர்கள் பலரும் மேல்பாகத்தை மூடும் இடத்தில்தான் தயங்குகிறார்கள்: ஜிப் வைப்பதா, துளைகளில் கயிறு கோத்து இறுக்கும் நாடா வைப்பதா?

செலவு: ஜிப் ஒன்று போதும். நாடாவுக்கு 3 மீட்டர் கயிறு, தடித்த நூல், ஓரத்துக்குக் கம்பி.

உழைப்பு: ஜிப் ஒரு மணி நேர வேலை. கையால் காஜா போட்ட 24 துளைகளுக்கு இரண்டு மாலை.

உறுதி: நாடாதான். இறுக்கமான மேல்பாகத்தில் இடுப்பருகே இழுவை கூடி ஜிப்பின் பல் விட்டுவிடும். நாடாவில் அது எல்லாத் துளைகளுக்கும் பிரிந்துபோகிறது. ஆனால் துளையைக் கத்தரிக்காதீர்கள். குத்தூசியால் இழைகளை விலக்கிச் சுற்றிலும் காஜா தையுங்கள். இழை அறுந்தால் துளை கிழியும். துணியின் ஓரத்துக்கும் துளைக்கும் நடுவே கம்பி இல்லையென்றால், கயிற்றை இழுத்ததும் முதுகு சுருங்கிக்கொள்ளும்.

அளவு: ஜிப் வைத்த கவுன் உடம்பை இறுக்கினால் பக்கத் தையலைப் பிரிக்கவேண்டும். நாடாவுக்கு முதுகின் இரு ஓரங்களுக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி விட்டுத் தைத்தால் உடம்பு கூடினாலும் குறைந்தாலும் பொருந்தும்.

தோற்றம்: ஜிப் 20ஆம் நூற்றாண்டில் பரவியது. நாடாவிலும் குறுக்காகப் பின்னாமல் ஒரே கயிற்றைச் சுழற்றிக் கோப்பதே அக்கால முறை.

மேடையில் அவசரமாக உடை மாற்ற ஜிப். நாள் முழுக்க அணியவும், பலர் மாறி மாறி அணியவும் நாடா. கடையில் வாங்கிய ஜிப் கவுனையும் மாற்றலாம்: ஜிப்பைப் பிரித்து, இருபுறமும் உள்ளே 4 செ.மீ. கான்வாஸ் பட்டி வைத்த பிறகே துளை போடுங்கள்.