புதிர்களுக்குப் படம் வரைய இங்க்ஸ்கேப்: சில வருடப் பயன்பாட்டில் கண்டது

கணக்குப் புதிர்களில் பாதிக் கேள்வி படத்தில்தான் இருக்கிறது. எத்தனை முக்கோணம், எந்தக் குச்சியை நகர்த்தலாம், எத்தனை பெட்டி அடுக்கியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் படத்தைக் கோணல்மாணலாகப் போட்டால், பிள்ளைகள் புதிரோடு மோதாமல் படத்தோடு மோதிக்கொண்டிருப்பார்கள். தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். வாராவாரம் ஒரு புதிர்த்தாள் தயாரிப்பது வழக்கம். அதற்குச் சில வருடங்களாக இங்க்ஸ்கேப்தான் கை கொடுக்கிறது. புதிர் போடுகிறவர்களுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன். லோகோ, போஸ்டர் செய்பவர்களுக்கு வேறு தேவைகள் இருக்கும். நான் சொல்வது புதிரை மட்டும் வைத்துத்தான்.

முதலில் அறிமுகம். இங்க்ஸ்கேப் இலவச மென்பொருள், திறந்த மூல நிரல். 2003இல் சோடிபோடி என்ற வேறொரு மென்பொருளிலிருந்து கிளை பிரிந்து வந்தது. எஸ்விஜி என்ற வடிவத்தில் சேமிக்கும். புள்ளி புள்ளியாகப் படத்தை வைத்துக்கொள்ளாமல் "இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை இவ்வளவு கனத்தில் ஒரு கோடு" என்று எழுத்தாக வைத்துக்கொள்ளும். அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு பிசிறடிக்காது. புதிர்க்காரருக்கு அதைவிட முக்கியம், அந்தக் கோட்டை ஆறு மாதம் கழித்துத் திறந்து ஒரு கட்டம் தள்ளி வைக்கலாம். போன வருடத்துப் புதிரில் எண்ணை மாற்றி இந்த வருடம் கொடுக்க முடிகிறது என்றால் காரணம் இதுதான்.

இனி நான் அதிகம் பயன்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்: கிரிட், அதோடு சேர்ந்த ஸ்னாப். திரையில் கட்டம் போட்ட தாள் மாதிரி கோடுகள் வரும், நாம் வரையும் கோட்டின் முனை தானாகப் போய் அந்தக் கட்ட மூலையில் ஒட்டிக்கொள்ளும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். கேரம் புதிர் ஒன்று சொல்கிறேன், அதன் அருமை தெரியும்.

நம் பக்கத்தில் கேரம் தெரியாத பிள்ளை கிடையாது. தெருவுக்குத் தெரு பல்பைத் தாழக் கட்டி ஆடுகிற இடம் இது. அதனால் பிரதிபலிப்பைக் கேரம் போர்டிலேயே கேட்பேன். 10க்கு 10 கட்டத்தில் போர்டு. இடமிருந்து 4, கீழிருந்து 1 என்ற இடத்தில் ஸ்ட்ரைக்கர். இடமிருந்து 7, கீழிருந்து 7இல் காய். நேராக அடிக்க முடியாதபடி நடுவில் வேறு காய்கள். வலது கட்டையில் மோதித் திரும்பி அடிக்க வேண்டும். கட்டையில் எந்த உயரத்தில் மோத வேண்டும்? ஸ்ட்ரைக்கரையும் காயையும் வெறும் புள்ளிகளாக வைத்துக்கொள்ளலாம், சுழற்சி கிடையாது என்று கேள்வியிலேயே சொல்லிவிடுவேன்.

பெரும்பாலும் முதலில் வரும் பதில் 4. ஒன்றுக்கும் ஏழுக்கும் நடு நான்குதானே என்பார்கள். சரியான விடை 5. விளக்குவதற்கு இங்க்ஸ்கேப்பில் போர்டு முழுவதையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலும் டி-யும் அழுத்தி நகல் எடுத்து, எச் விசையை ஒரு தட்டுத் தட்டினால் இடவலமாகப் புரண்டுவிடும். அந்த நகலை வலது கட்டையை ஒட்டி வைத்தால் காயின் பிம்பம் 13ஆவது கட்டத்தில் போய் உட்காரும். ஸ்ட்ரைக்கரிலிருந்து அந்தப் பிம்பத்துக்கு ஒரே நேர்க்கோடு. அது கட்டையை வெட்டும் இடம் கச்சிதமாக 5. பிள்ளைகள் கட்டத்தை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், என் வார்த்தையை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. கையால் வரைந்த படத்தில் அந்தக் கோடு நாலே முக்காலிலும் வெட்டும், ஐந்தே காலிலும் வெட்டும்.

கேள்வியும் விடையும் ஒரே கோப்பில் இருக்கின்றன. லேயர் என்று அடுக்கடுக்காக வைக்கும் வசதி உண்டு. போர்டு ஓர் அடுக்கில், பிம்பமும் நேர்க்கோடும் இன்னோர் அடுக்கில். கண் படத்தைச் சொடுக்கினால் விடை அடுக்கு மறையும். கேள்வித்தாளில் ஒரு காயை நகர்த்தினால் விடைத்தாளிலும் அதே காய் நகர்ந்துவிடுகிறது. தனித்தனியாக இரண்டு படம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று.

தீக்குச்சிப் புதிருக்குக் குளோன். ஒரு குச்சியை மருந்துத் தலையோடு வரைந்து, ஆல்ட்டும் டி-யும் அழுத்தி வேண்டிய அளவு குளோன் எடுத்து அடுக்கலாம். பிறகு மூலக் குச்சியின் தலையைப் பெரிதாக்கினால் எல்லாக் குச்சிகளும் சேர்ந்து மாறும். ஒரு நுணுக்கம் மட்டும் கவனிக்க வேண்டும். விடையில் நகர்த்திய குச்சியை மட்டும் வேறு நிறத்தில் காட்ட நினைத்தால் குளோன் சாதாரணமாக நிறம் மாறாது. மூலத்தின் நிறத்தை 'அன்செட்' என்று வைத்திருந்தால்தான் ஒவ்வொரு குளோனுக்கும் தனி நிறம் கொடுக்க முடியும். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை சிக்குக் கோலம். இதைப் புதிராக்குவது சுலபம்: இந்தக் கோலத்தில் எத்தனை இழை? நேர்ப்புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் முனையில் நிற்கும் ஒரு சதுரம் போட்டால், பக்கத்துச் சதுரங்கள் முனையோடு முனை தொடும். தொடும் இடத்தில் கோடு நேராகக் கடந்து போகிறது, வெளி ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்புகிறது. அவ்வளவுதான் கோலம். இங்க்ஸ்கேப்பில் ஒரே ஒரு சதுரம் வரைந்து, 'டைல்ட் குளோன்ஸ்' பகுதியில் வரிசை 3, நிரல் 4 என்று கொடுத்தால் எலும்புக்கூடு தயார். ஓரங்களை வளைப்பது கைவேலை.

எங்கள் தெருவில் மார்கழி முழுக்க வாசலை விடாமல் கோலம் போடும் ஓர் ஆயா இருக்கிறார். அச்செடுத்த தாளைக் காட்டியதும் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். "மூணுக்கு மூணு போட்டா இழை அறுந்து அறுந்துதாம்மா வரும். மூணுக்கு நாலு போடு, ஒரே இழையா ஓடும்" என்றார். கணக்கும் அதையேதான் சொல்கிறது. வரிசை, நிரல் இரண்டின் மீப்பெரு பொது வகுத்திதான் இழைகளின் எண்ணிக்கை. 3க்கு 4 என்றால் 1. 3க்கு 3 என்றால் 3. 4க்கு 6 என்றால் 2. விடைத்தாளில் ஒவ்வொரு இழைக்கும் ஒரு நிறம் கொடுத்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மீ.பொ.வ. கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொன்றும் தெரியும். அந்த இழை ஓடும் விதம், 45 பாகையில் அடித்த ஸ்ட்ரைக்கர் நான்கு கட்டைகளிலும் மோதி மோதி ஓடுவதேதான். கேரம் புதிரையும் கோலப் புதிரையும் அடுத்தடுத்த வாரம் கொடுப்பது இதற்காகவே. கோலத்தைக் கணிதமாகப் பார்ப்பது நம் ஊரில் புதிதல்ல, தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனி 1970களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்.

பெட்டி எண்ணும் புதிருக்கு ஆக்ஸனோமெட்ரிக் கிரிட் என்று சாய்ந்த கட்டம் ஒன்று உண்டு. காசிமேட்டில் மீன் பெட்டி அடுக்கி வைத்திருப்பதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகளுக்கு அதையே வரைந்து தருவேன். சுவர் மூலையில் மூன்று உயரம், அதை ஒட்டி இரண்டு, அதை ஒட்டி ஒன்று என்று படிப்படியாக இறங்கும் அடுக்கு. அடித்தட்டில் 6, நடுவில் 3, மேலே 1. மொத்தம் 10 பெட்டி, கண்ணுக்குத் தெரிவது 6. ஆறு என்று எழுதிய ஒரு பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பதில் சொன்னாள்: "பின்னாடி பொட்டியே இல்லன்னா மேல இருக்குறது எப்டிடா நிக்கும்?" கேள்வியின் கீழே "எந்தப் பெட்டியும் அந்தரத்தில் நிற்கவில்லை" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். படம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த வரியின் வேலையைப் படம் செய்யாது.

அச்சுக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் கவனம் வைப்பதில்லை. டி.எச். ரோடு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் கறுப்பு வெள்ளையில்தான் வரும். பெட்டியின் மூன்று பக்கங்களுக்கும் மூன்று சாம்பல் நிறம் கொடுத்தால் திரையில் அழகு, பிரதியில் ஒன்று வெளுத்துப்போகும், ஒன்று கறுப்பாகிவிடும். சாம்பலுக்குப் பதில் 'பேட்டர்ன்' பகுதியில் உள்ள வரிக்கோடுகளை நிரப்புவேன். ஒரு பக்கம் வெறுமை, ஒரு பக்கம் நெருக்கமான கோடு, ஒரு பக்கம் அகலமான கோடு. எந்த இயந்திரமும் இதைக் கெடுக்க முடியாது.

கோட்டின் கனமும் அப்படித்தான். படத்தைச் சுருக்கும்போது கோடும் சேர்ந்து மெலிய வேண்டுமா என்று மேல் பட்டையில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. புதிருக்கு அதை அணைத்து வைப்பதுதான் நல்லது, தாளில் எல்லாப் படங்களுக்கும் ஒரே கனம் கிடைக்கும். ஆனால் காணாமல் போகும் சதுரப் புதிரில் கனமே புதிராகிவிடும். 1953இல் நியூயார்க்கைச் சேர்ந்த பால் கறி என்ற மந்திரவித்தை ஆர்வலர் உருவாக்கியது. 13க்கு 5 அளவுள்ள முக்கோணம் போலத் தெரியும் வடிவத்தை நான்கு துண்டாக்கி இடம் மாற்றினால் நடுவில் ஒரு சதுரம் காலியாகும். சூட்சுமம் இதுதான்: உள்ளே இருக்கும் ஒரு முக்கோணத்தின் சரிவு 3/8, அதாவது 0.375. இன்னொன்றின் சரிவு 2/5, அதாவது 0.4. சாய்வுக்கோடு நேர்க்கோடே இல்லை, லேசாக உடைந்திருக்கிறது. கட்டம் ஒரு சென்டிமீட்டர் என்றால் அந்த விலகல் முக்கால் மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் கோடு போட்டால் முழுக்க மூடிவிடும், 0.2 மில்லிமீட்டரில் போட்டால் கூர்மையான பிள்ளை அளவுகோலை வைத்துப் பிடித்துவிடும். நான் கேள்வித்தாளில் கனமான கோட்டையும் விடைத்தாளில் மெல்லிய கோட்டையும் வைக்கிறேன். இந்த அளவு கட்டுப்பாடு வேண்டும் என்பதால்தான் இந்தக் கருவியை விட மனம் வரவில்லை.

தமிழ் எழுத்து பற்றிக் கேட்பவர்கள் அதிகம். யூனிகோட் எழுத்துரு வைத்தால் கொம்பும் காலும் இடம் மாறாமல் சரியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எனக்குப் போதும். அச்சுக்கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேறு ஏதாவது வந்து நிற்கும், ஆகவே 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து எழுத்தை வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக எடுத்துக் கொடுப்பது உத்தமம். மாற்றிய பிறகு அதைத் திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நீளமான கேள்விப் பத்திகளை இதிலேயே தட்டச்சு செய்வது எனக்குச் சரிப்படவில்லை, அதற்கு லிப்ரெஆபீஸ் ரைட்டர் மாதிரி ஒரு தட்டச்சு மென்பொருள் போதும். பல பக்கங்களை ஒரே கோப்பில் வைக்கும் வசதி 2022இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. போனில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள், படமாகப் போனால் சுருக்கிவிடுவதில் மெல்லிய கோடுகள் மங்கிப்போகும்.

குறைகள் உண்டு. குளோன் நூற்றுக்கணக்கில் போனால் பழைய மடிக்கணினி திணறும். பட்டியல்கள் ஏராளம், முதல் வாரம் எதற்கு எங்கே போவது என்றே புரியாது. வடிவியல் புதிரில் ஒரு புள்ளியை இழுத்தால் கோணங்களும் சேர்ந்து மாற வேண்டும் என்றால் ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருள்தான் சரி, இங்க்ஸ்கேப்புக்கு அந்த உறவுகள் தெரியாது. வார்த்தையில் கேட்டால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் பயன்படுத்திப் பார்த்தேன். காட்சி அழகாக வரும், ஆனால் பன்னிரண்டு குச்சி கேட்டால் பதினான்கு நிற்கும். எண்ணிக்கையே கேள்வியாக இருக்கும் இடத்தில் அது ஆகாது.

விடுகதைக்குப் படம் போடுவது தனிக் கலை. "அம்மா சேலையை மடிக்க முடியாது, அப்பா காசை எண்ண முடியாது" என்ற விடுகதைக்கு வானத்தையும் நட்சத்திரத்தையும் வரைந்தால் விடுகதை செத்தது. விரித்துப் போட்ட சேலையையும் கொட்டிக் கிடக்கும் காசையும் வரைய வேண்டும். சேலைக்குக் கருநீலம் கொடுக்கலாமா என்று எனக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கும் நீண்ட விவாதம். கருநீலம் துப்பு ஆகிவிடும் என்றாள் அவள். அவள் பேச்சுக்கே விட்டுவிட்டேன், பச்சைச் சேலைதான் போனது.

ஆள், மிருகம் இவற்றை மவுஸில் வரைவதில்லை. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றைக் கடத்தும் புதிருக்குப் புலியைப் பிள்ளைகளே வரைந்து தருகிறார்கள். பென்சிலின் மேல் கறுப்புப் பேனா ஓட்டி, நல்ல வெளிச்சத்தில் போனில் படமெடுத்து, 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்தால் கோடுகளாக மாறிவிடும். பிரகாச அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்த்தால் தாளின் நிழல் விலகி மீசை மட்டும் நிற்கும் இடம் அகப்படும். புதுப் படம் பழைய படத்தின் மேலேயே விழும். அடியில் கிடக்கும் புகைப்படத்தை அழித்துவிட்டுச் சேமியுங்கள், இல்லையென்றால் ஒரு புலிக்காகக் கோப்பு வீணாகப் பெருத்துக் கிடக்கும்.