மீன்கறிக்கு எந்தப் புளி: கொறுக்காயா, பழப்புளியா, தேசிக்காயா?

வெள்ளவத்தைச் சமையலறைகளில் மீனுக்குப் புளி சேர்க்க மூன்று வழிகள் உண்டு. தேசிக்காயில் சித்திரிக்கமிலமும், பழப்புளியில் தாத்தாரிக்கமிலமும், கொறுக்காயில் ஐதரொட்சிசித்திரிக்கமிலமும் மிகுந்துள்ளன. மீன் வெடுக்குக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உடையவை என்பதால், அதைத் தணிப்பதில் மூன்றும் உதவும். யாழ்ப்பாணத்துப் பழப்புளிக் குழம்பில் வளர்ந்த நான், சூரை மீனுக்கு இப்போது கொறுக்காயையே பயன்படுத்துகிறேன்.

தேசிக்காய்ச் சாற்றைக் கறியை இறக்கிய பின்னரே விடவேண்டும், கொதித்தால் கைக்கும். பழப்புளி நன்றாகக் கொதி தாங்கும், ஆனால் கொழும்பின் ஈரக் காற்றில் கறுத்துக் கசியும்.

கொறுக்காயோ ஈரவலயத்து மரத்தின் காய். அதன் தோட்டுத் துண்டுகளைக் கறுக்க உலர்த்தி, மூடிய போத்தலில் இட்டால் நெடுங்காலம் கெடாது. இதன் முதன்மை அமிலத்தை 1965 இல் லூயிஸ், நீலகண்டன் என்ற ஆய்வாளர்கள் இனங்கண்டனர். அந்த அமிலத்தை உடல் மெலியும் குளிசையாக விற்பவர்களை நான் பொருட்படுத்துவதில்லை. 1998 இல் வெளியான, 135 பேர் பங்கேற்ற சோதனையில் அது போலிக் குளிசையை விஞ்சவில்லை.

என் தெரிவைத் தீர்மானித்தது, சமைத்த கறி எவ்வளவு காலம் தாங்கும் என்பதே. தென்கரையோரச் சிங்களவரின் அம்புல்தியலில், அரைத்த கொறுக்காயும் மிளகும் உப்பும் பூசிய மீன் துண்டுகளை மண்சட்டியில் நீர் வற்றும்வரை வேகவைப்பார்கள். அது குளிர்சாதனப் பெட்டி இன்றியே சில நாட்கள் இருக்கும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, தண்ணீராக வைத்த புளிக்குழம்பை விட இதுவே கைகொடுத்தது. இப்பெருமை அமிலத்துக்கு மட்டும் உரியதன்று; நீர் வற்றியதும் உப்பும் சேர்ந்தே கிருமிகளை அடக்குகின்றன. சூரையில் உள்ள இசுத்திடீன் என்ற அமினோவமிலத்தை, ஒவ்வாமை போன்ற நஞ்சூட்டலை உண்டாக்கும் இசுத்தமினாக மாற்றும் பற்றீரியாக்களையும் புளிப்பு மட்டுப்படுத்தும். ஆயினும் ஏற்கெனவே உருவான இசுத்தமின் சமைப்பதால் அழியாது. ஆகவே பழுதான மீனை எந்தப் புளியும் காப்பாற்றாது.

இறாலுக்கும் நண்டுக்கும் கொறுக்காயை அரிதாகவே போட்டிருப்பதால், அவற்றைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது. இரசத்துக்குப் பழப்புளிதான். கொறுக்காய் போடுபவர்கள் அலுமினியச் சட்டியைத் தவிர்க்கவேண்டும். அமிலம் உலோகத்தை அரித்துக் கறியில் கலக்கும்.