கல்லடி வாவியில் இரவுத் தேடல்: கே-2 மீட்டரா, ஹைட்ரோபோனா?

பேய், பறக்கும் தட்டு, மர்ம ஒலி என்று இரவில் தேடிக் கிளம்பும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, என்ன சாமான் வாங்கினா நல்லம்?" என்பதுதான். அவர்கள் யோசனையில் மூன்று இருக்கும். யூடியூபில் பச்சையும் சிவப்புமாய் மின்னும், காந்தப்புலத்தைக் காட்டும் கே-2 மீட்டர். இருட்டிலும் படம் பிடிக்கும் கமரா. தண்ணீருக்குள் இறக்கும் மைக்கான ஹைட்ரோபோன், அதோடு ஓர் ஒலிப்பதிவுக் கருவி. மூன்றையும் மட்டக்களப்பு வாவிக்கரையில் வைத்துப் பார்த்துவிட்டு நான் ஹைட்ரோபோனைத்தான் வைத்துக்கொண்டேன். கே-2வைக் கைமாற்றிவிட்டேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

கமராவை முதலில் முடித்துவிடலாம். வானத்து வெளிச்சங்களைத் தேடுபவருக்கு அது வேண்டும்; நேரமும் திசையும் பதிவாகும் என்பதே அதன் பெரிய பயன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவப்படும் இந்தியாவின் பிஎஸ்எல்வி ஏவூர்திகள் இலங்கைக்கு மேலாகப் பறக்காமல் கிழக்கே ஒதுங்கி, வளைந்து போகின்றன. அந்திக்குப் பிறகோ விடியலுக்கு முன்போ ஏவினால், நமக்கு இருட்டாக இருக்கும்போதே மேலே வெயில் படும் அந்தப் புகை விசித்திரமாய் விரிந்து தெரியும். வரிசையாக நகரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களும் அப்படித்தான். படத்தில் நேரம் இருந்தால் ஏவுதல் அட்டவணையோடு ஒப்பிட்டு அடுத்த நாளே தெளிந்துவிடலாம். தரையில் பேய் தேட கமரா அவ்வளவு உதவாது. வாவியோரக் காற்றில் பூச்சியும் ஈரத்துளியும் அதிகம். லென்ஸுக்குப் பக்கத்தில் அவை வெளிச்சம் பட்டு வெள்ளை உருண்டைகளாக விழும். வெப்பத்தைக் காட்டும் கமராவை இரவல் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்ததோடு சரி, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு என்னிடம் அனுபவம் இல்லை.

இனி கே-2. இது பேய்க்காகச் செய்த கருவி அல்ல. வீட்டு வயரிங், மின்சாதனங்களைச் சுற்றியிருக்கும் காந்தப்புலத்தைப் பார்க்கச் செய்தது. ஐந்து சின்ன விளக்குகள். புலம் கூடக்கூட வரிசையாக எரியும், கடைசிச் சிவப்பு 20 மில்லிகாஸுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல். உள்ளே இருக்கும் உணரி ஒரே அச்சில்தான் அளக்கும். அதனால் ஒரே இடத்தில் நின்று கையைத் திருப்பினாலே விளக்கு மாறும். பக்கத்தில் நிற்பவரின் போன் கோபுரத்தோடு பேசும் கணத்திலும் துள்ளும். கல்லடிப் புதுப்பாலத்தின் விளக்குக் கம்பத்தருகே பிடித்துப் பாருங்கள், எந்த ஆவியும் இல்லாமல் எரியும். ஒரு பழைய கட்டடத்தின் நடையில் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் சிவப்பு வரை போனது. மெயின் சுவிட்சை நிறுத்தியதும் அணைந்தது, போட்டதும் எரிந்தது. சாந்துப் பூச்சுக்குள் கரண்ட் வயர் ஓடியிருக்கிறது.

காந்தப்புலம் மூளையைத் தூண்டி "யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள்" என்ற உணர்வைத் தருகிறது என்று கனடாவின் நரம்பியல் ஆய்வாளர் மைக்கேல் பெர்சிங்கர் சொன்னதுதான் இந்தக் கருவிக்கு வலுவாகக் காட்டப்படும் ஆதாரம். சுவீடனில் பெர் கிரான்க்விஸ்ட் குழுவினர், கலந்துகொண்டவர்களுக்கும் சோதனையை நடத்தியவர்களுக்கும் புலம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. வந்த உணர்வுகள் அவரவர் மனம் எவ்வளவு எளிதில் தூண்டப்படுகிறது என்பதோடுதான் பொருந்தின.

கே-2வில் என்னை உறுத்தியது வேறொன்று. அதை வைத்துக்கொண்டு "இருந்தால் விளக்கைக் காட்டு" என்று இறந்தவர்களிடம் கேள்வி கேட்கும் பழக்கம். நமது கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமி என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். கல்லடி, நாவலடிப் பக்கம் சாய்ந்துபோன திருச்செந்தூர் முருகன் கோவில் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மண்ணில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அடுத்த வளவில் இருக்கும்போது, ஒரு போன் சிக்னலுக்கு எரியும் விளக்கைக் காட்டி "பதில் வந்துவிட்டது" என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. யுத்தத்தில் ஆட்கள் காணாமல்போன இடங்களுக்கும் இதேதான். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அந்த மீட்டரை விட்டிருப்பேன்.

இனி ஹைட்ரோபோன். மீன்பாடும் தேன்நாடு என்று நம்மைச் சொல்லவைத்த ஒலி இன்றும் வாவியில் இருக்கிறது, இன்றும் முழுதாக விளங்கவில்லை. 1848இல் இங்கே வந்த பிரித்தானிய ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இரவில் தோணியில் போய் அதைக் கேட்டு எழுதிவைத்தார்: ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வு, ஒன்றல்ல, பல சிறு ஒலிகள் சேர்ந்தது. தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அது பலமாகக் கேட்டிருக்கிறது. மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரி என்ற நத்தை வகையை. 1950களில் புனித மிக்கேல் கல்லூரியின் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலியிலும் அது போனது.

காதால் கேட்கும் வழியை இன்றும் வாவி ஆட்கள் சொல்லித் தருவார்கள். எனக்குச் சொன்னவர் வயதான ஒரு மீனவர்: "தம்பி, துடுப்ப தண்ணிக்குள்ள ஊண்டி மத்தத் தலப்பக் காதுல வைங்க. கதைக்கப்படா." இதில் நல்ல அறிவியல் இருக்கிறது. தண்ணீருக்குள் எழும் ஒலி மேற்பரப்பில் முட்டி ஏறக்குறைய முழுவதும் கீழேயே திரும்பிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் காற்றுக்கு வரும். மரம் அதற்கு ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறது. ஹைட்ரோபோன் செய்வதும் அதுவே, பதிவோடு சேர்த்து.

வாங்கத் தேவையில்லை, செய்யலாம். அதிர்வை மின்சாரமாக மாற்றும் 27 மில்லிமீற்றர் பீசோ வில்லை ஒன்று, உறையிட்ட மைக் வயர், இரண்டு பகுதிப் பசை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: வில்லையை நேரே ரெக்கோடரின் மைக் துளையில் செருகிவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்பார்கள். அந்த வில்லை சுமார் 20 நானோஃபாரட் மின்கொள்ளளவு கொண்டது. மைக் துளையின் 2 கிலோஓம் உள்ளீட்டு மின்தடையில் அதைக் கொடுத்தால் ஏறக்குறைய 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துபோகும், மீன்கள் எழுப்பும் தாழ்ந்த ஒலி முழுக்க அதற்குள் அடங்கும். நடுவில் எஃப்இடி என்ற வகை டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து அந்த மின்தடையை 1 மெகாஓம் ஆக்கினால் 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். இந்தச் சின்னச் சுற்றைச் சேர்த்த இரவில்தான் என் காதில் வாவி திறந்தது. முதலில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல ஓயாத சடசடப்பு; அது கொடுக்கைச் சொடுக்கும் இறால் வகை. அதற்குக் கீழே, விட்டு விட்டு, நீண்ட முணுமுணுப்பு. ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் அலைவரிசைப் படமாக விரித்தால் அந்த முணுமுணுப்பு ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சம இடைவெளியில் அடுக்கிய கோடுகளாகத் தெரிகிறது. காற்றுப்பையைத் தசையால் அதிரவைக்கும் மீன்களின் ஒலி இப்படித்தான் விழும். தோணி என்ஜின் வேறு மாதிரி. நெருங்க நெருங்கக் கோடு தடிக்கும்.

கலிபோர்னியாவின் சௌசலிட்டோவில் 1980களில் படகு வீடுகளில் இருந்தவர்கள் கோடை இரவுகளில் ஓயாத ரீங்காரம் கேட்டுத் தூக்கமிழந்தார்கள். கழிவுநீர்ப் பம்பு என்றார்கள், இராணுவத்தின் இரகசியச் சோதனை என்றார்கள், வேற்றுக்கிரகவாசிகள் என்றும் சொன்னவர்கள் உண்டு. கடைசியில் அது இணையை அழைக்கும் ஆண் மிட்ஷிப்மன் மீன். எங்கள் வாவியில் பாடுவது எது என்பதில் எல்லாரும் ஒத்துக்கொண்ட முடிவு இல்லை. நான் கேட்ட முணுமுணுப்பு மீன்தான் என்று என் காது சொல்கிறது. ஆனால் டெனன்ட் எழுதிய அந்தக் கண்ணாடிக் கிண்ண ஒலியும் இதுவும் ஒன்றா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு மூல காரணம் ஒன்றே: விடிந்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது, அதை அங்கே இல்லாத ஒருவர் சோதிக்க முடியுமா. கே-2 விளக்கு எரிந்து அணைந்தால் அதோடு போயிற்று. வீடியோவில் எடுத்திருந்தாலும், பார்ப்பவருக்குத் தெரிவது விளக்கு எரிந்தது என்பது மட்டும்தான். எந்த அலைவரிசை, எந்தத் திசை, எவ்வளவு நேரம், ஒன்றும் அதில் இல்லை. சந்தேகப்படுபவருக்கும் நம்புபவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடையாது. ஒலிப்பதிவு அப்படியல்ல. 1997இல் பசிபிக்கில் அமெரிக்கக் கடலாய்வு ஹைட்ரோபோன்களில் "புளூப்" என்ற பேரொலி விழுந்தது. இராட்சத விலங்கு என்று உலகமே கதை கட்டியது. பதிவு இருந்ததால், பிறகு அண்டார்டிக் பனிப்பாறைகள் பிளக்கும் ஒலிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, பனிதான் என்று முடிவுக்கு வந்தார்கள். அதேபோல் 1960களிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் கேட்டுவந்த, வாத்துக் கத்துவது மாதிரியான ஒரு தென்கடல் ஒலி. அது மிங்கி திமிங்கிலத்தினுடையது என்று 2014இல் தெரிந்தது, அரை நூற்றாண்டு கழித்து. முதலில் கேட்டவர்கள் விடையைத் தெரிந்திருக்கவில்லை. விடை தெரியும் காலம் வரை ஒலி காத்திருக்கும்படி வைத்தார்கள். லாங் அடிகளார் செய்ததும் அதுதான். எங்கள் வாவி மணல் மூடி, வலை பெருகி, என்ஜின் சத்தம் கூடி வருகிறது. இந்த ஒலி ஒரு தலைமுறைக்குள் அடங்கிப்போனால், இருந்ததற்குச் சாட்சி பதிவு ஒன்றுதான். அதனால் இதை விளையாட்டுச் சாமானாக நான் நினைக்கவில்லை.

ஒலிப்பதிவிலும் ஒரு பொறி உண்டு. 1959இல் சுவீடனில் பிரீட்ரிக் யூர்கென்சன் பறவைகளின் பாட்டைப் பதிவு செய்யப்போய், நாடாவில் இறந்தவர் குரல் கேட்டதாகச் சொன்னார். அதிலிருந்து ஒரு பெரிய கூட்டமே உருவானது. இரைச்சலுக்குள் சொற்களைத் தேடினால் காது கண்டுபிடித்துத் தரும். என்ன கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் அதுவே கேட்கும். நான் பதிவைக் கொடுக்கும்போது இடம், நேரம், என் ஊகம் எதையும் சொல்லாமல் கொடுத்து, கேட்டதை எழுதித் தரச் சொல்கிறேன்.

பராமரிப்பில் கே-2தான் வெல்லும். ஒரு 9 வோல்ட் பற்றரி, அவ்வளவுதான். ஹைட்ரோபோனை ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். உவர்நீர் முதலில் தின்பது வயரும் வில்லையும் சேரும் சோல்டரைத்தான். பச்சைக் களிம்பு பிடித்துவிட்டால் பதிவில் உறுமல் வரும், அதையும் மர்ம ஒலி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. சித்திரை முதல் புரட்டாதி வரையான அமைதியான மாதங்களில்தான் நான் இதை நம்புவேன். மார்கழி வெள்ளத்தில் இறக்கிப் பார்த்த அனுபவம் போதாது.

வீட்டுக்குள் "யாரோ நடமாடுகிறார்கள்" என்பவர்களுக்கும் இதே ரெக்கோடர் உதவும், ஒரு எல்லை வரை. 1998இல் இங்கிலாந்தின் பொறியாளர் விக் டாண்டி, தன் ஆய்வகத்தில் சாம்பல் உருவம் தெரிந்ததற்கு ஒரு காற்றாடி எழுப்பிய, காதுக்கு எட்டாத சுமார் 19 ஹெர்ட்ஸ் ஒலியே காரணம் என்று எழுதினார். சாதாரண ரெக்கோடர்கள் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நம்பத்தக்கவை அல்ல. அப்படிப்பட்ட வீட்டில் முதலில் விசிறிகளையும் பம்பையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

கல்லடியில் முதல் தடவை இறக்குபவர்கள் பௌர்ணமியை ஒட்டிய காற்றில்லாத இரவைத் தெரிவுசெய்யுங்கள். 1924இல் திறந்த பழைய மானிங் சீமாட்டி பாலத்தின் தூண்களை விட்டு விலகுங்கள், அதிர்வு இரும்பு வழியே இறங்கிவிடும். என்ஜின் இல்லாத தோணி, கூட வருபவர்களின் போன் ஏர்ப்ளேன் மோடில். மைக்கை அடிச்சேற்றில் தொடாமல் நடுநீரில் தொங்கவிடுங்கள். எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். தொடக்கத்திலேயே திகதி, இடம், காற்று, பக்கத்தில் நிற்கும் தோணிகள் எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட்டு, பிறகு யாரும் கதைக்காமல் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள்.